ஈரல்பாசி மேல் ஒரு நீலப் பொட்டு: நுண் கிண்ணப் பூஞ்சைகளை நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது

குளிர்காலம் முடிகிற நேரம். பிரிட்டன் மாதிரி மழை ஓயாத மேற்கு ஐரோப்பிய நாடுகளில், காட்டுப் பாதையை ஒட்டிய மண்கரைகளைக் குனிந்து பார்த்தால் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று படர்ந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தக் கரைக்கு ஓர் அங்குலத் தூரம் வரை கொண்டுபோனால் படலம் குட்டிக் குட்டி இலைகளாகப் பிரிந்து தெரியும். அந்த இலைகளுக்கு நடுவே சில சமயம் நீலப்பச்சை நிறத்தில் சில பொட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கசகசா அளவு. இன்னும் உற்றுப் பார்த்தால் அவை பொட்டுகள் இல்லை, மேல்பக்கம் திறந்த சின்னஞ்சிறு தட்டுகள் என்று புரியும்.

அது ஒரு பூஞ்சை. பெயர் ம்னியேசியா ஜங்கர்மேனியே. உயிருள்ள ஈரல்பாசியின் மேல்தான் அது வளரும்.

இப்படிப்பட்ட ஒரு கிண்ணத்தைக் கண்டெடுத்த பிறகு, அது என்ன என்று உறுதியாகச் சொல்வது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்னக் கிண்ணங்களின் நிறமும் வடிவமும் நம்மை வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே போக இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று, அது எந்தச் செடியின் மேல் வளர்கிறது என்ற தகவல். மற்றொன்று, உயிரோடு இருக்கும்போதே தண்ணீரில் வைத்துப் பார்த்த அதன் செல்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும், பிறகு எவ்வளவு நல்ல நுண்ணோக்கி இருந்தாலும் பதில் கிடைப்பது கடினம்.

சரி, ஈரல்பாசி என்றால் என்ன? தாவரவியல் படித்தவர்களுக்கு ரிக்ஸியா, மார்கான்ஷியா என்ற பெயர்கள் நினைவிருக்கும். பிரையோஃபைட்டுகள் என்று பாடத்தில் வருமே, அந்தக் கூட்டத்தில் ஒரு பிரிவு இது. ஆங்கிலத்தில் லிவர்வோர்ட் என்பார்கள். சில இனங்களின் தட்டையான உடல் ஈரலின் மடல்களைப் போல இருப்பதால் வந்த பெயர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓடைக்கரைப் பாறைகளில் இந்தத் தட்டை வகையைப் பார்க்கலாம். ஆனால் உலகில் உள்ள சுமார் 7,000 ஈரல்பாசி இனங்களில் பெரும்பாலானவை தட்டை வகை இல்லை. அவற்றுக்கு மெல்லிய தண்டும் இரண்டு வரிசையில் அடுக்கிய இலைகளும் உண்டு. பல இலைகள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரே ஒரு செல் கனம்தான். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் அதையும் பாசி என்றே சொல்லிவிட்டுப் போவார்கள்.

கிண்ணப் பூஞ்சைக்கு வருவோம். குடை மாதிரி நிற்கும் காளானில் வித்துகள் குடைக்கு அடியில், செல்களின் வெளிப்பக்கத்தில் உருவாகின்றன. கிண்ணப் பூஞ்சை வேறு வகை. இதில் வித்துகள் நீண்ட பை போன்ற செல்லுக்குள் உருவாகும். அந்தப் பைக்கு ஆஸ்கஸ் என்று பெயர். நான் இங்கே வித்துப்பை என்றே எழுதுகிறேன். பெரும்பாலும் ஒரு பைக்கு எட்டு வித்துகள். கிண்ணத்தின் உள்பரப்பு முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான பைகள், தீப்பெட்டிக்குள் குச்சிகளை நிறுத்தி வைத்தது போல நெருக்கமாக நிற்கும். அவற்றுக்கு இடையே மலட்டு இழைகளும் நிற்கும். பாராஃபைசிஸ் என்று புத்தகங்களில் வரும் இவற்றைத் துணையிழை என்று சொல்லலாம். பைகளும் துணையிழைகளும் சேர்ந்த இந்த அடுக்கைத் தாங்கி நிற்பது கிண்ணத்தின் சுவர். ஆக, பை, வித்து, துணையிழை, சுவர். நுண்ணோக்கியில் நாம் தேடப்போவது இந்த நான்கையும்தான்.

முதலில் ஏமாறக்கூடிய இடங்கள்

ஈரல்பாசி மேல் கிண்ணம் ஒன்றைப் பார்த்தவுடன் பூஞ்சை என்று முடிவு செய்துவிட வேண்டாம். மார்கான்ஷியாவுக்குத் தானாகவே கிண்ணம் உண்டு. அதன் தட்டையான உடலின் மேல்பரப்பில், விளிம்பு பல் பல்லாக வெட்டியது போன்ற பச்சைக் கிண்ணங்கள் இருக்கும். உள்ளே பச்சைத் துணுக்குகள் கிடக்கும். ஜெம்மா எனப்படும் அந்தத் துணுக்கு ஒவ்வொன்றும் மழைத்துளி பட்டுத் தெறித்து விழுந்த இடத்தில் புதுச் செடியாகும். லுனுலேரியா என்ற இன்னொரு தட்டை வகையில் இதே அமைப்பு பிறை வடிவில் இருக்கும். பச்சை நிறமும் உள்ளே உதிரியாகக் கிடக்கும் துணுக்குகளும் தெரிந்தால் அது செடியின் சொந்த உறுப்பு.

அடுத்த குழப்பம் நிறத்தால் வருவது. நீலப்பச்சைக் கிண்ணம் என்றதும் குளோரோசிபோரியா நினைவுக்கு வரலாம். அது மட்கும் மரத்தில் வளர்வது. தான் வளரும் மரத்தையே நீலப்பச்சையாக மாற்றிவிடும். பாசி மூடிய மரக்கட்டையில் அது முளைத்திருந்தால் பாசிமேல் வளர்ந்தது போலவே தோன்றும். கட்டையைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால் உள்ளே ஏறியிருக்கும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைவிட அடிக்கடி நேர்வது ஆரஞ்சுக் கிண்ணங்களால் வரும் குழப்பம். மண்ணில் ஈரல்பாசியும் சாதாரணப் பாசியும் பின்னிக்கிடக்கும். அதற்குள் பளிச்சென்ற ஆரஞ்சில் ஒரு கிண்ணம் இருக்கும். அது ஆக்டோஸ்போரா, லாம்ப்ரோஸ்போரா, நியோட்டியெல்லா என்ற பேரினங்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒட்டுவது சாதாரணப் பாசியில்தான், அதுவும் மண்ணுக்கடியில் இருக்கும் வேரிழைகளில். மேலே இருந்து பார்க்கும்போது ஈரல்பாசியோடு ஒட்டியிருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். அதனால் கிண்ணத்தை மட்டும் கிள்ளி எடுக்காமல், அதற்கு அடியில் உள்ள மண்ணோடும் செடியோடும் ஒரு சின்னக் கட்டியாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தண்ணீரில் மெல்ல அலசி, ஊசியால் பிரித்து, கிண்ணத்தின் அடிப்பகுதி எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனாலும் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

செடியை முதலில் அடையாளம் காணுங்கள்

பூஞ்சையைப் பார்க்க வந்த நமக்கு எதற்குச் செடி ஆராய்ச்சி என்று தோன்றலாம். இந்தப் பூஞ்சைகளில் பல, குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே நாடுபவை. பிரியோசிஃபஸ் என்ற பேரினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓரினத்தின் பெயர் மார்கான்ஷியே, மற்றொன்றின் பெயர் கோனோசெஃபாலி. முதலாவது மார்கான்ஷியாவிலும் இரண்டாவது கோனோசெஃபாலம் என்ற பாம்புத்தோல் போன்ற தட்டை வகையிலும் வளர்பவை. இரண்டுமே வெளிறிய நிறத்தில் இருக்கும் சின்னக் கிண்ணங்கள். செடி எது என்று குறிக்காமல் வெறும் வெள்ளைக் கிண்ணத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் யாராலும் உதவ முடியாது.

நம் நீலப் பொட்டு வளர்வது செஃபலோசியா, கேலிபோஜியா, டிப்ளோஃபில்லம் போன்ற இலை வகைகளில். அந்தக் காலத்தில் இலை வகை ஈரல்பாசிகள் பலவற்றையும் ஜங்கர்மேனியா என்ற ஒரே பேரினத்தில் போட்டுவைத்திருந்தார்கள். பூஞ்சையின் பெயரில் இருக்கும் ஜங்கர்மேனியே அந்தப் பழைய வகைப்பாட்டின் தடம். இவற்றைப் பிரித்தறிய ஓரிரு அடையாளங்கள் போதும். செஃபலோசியா பைகஸ்பிடேட்டாவின் இலை, நண்டின் கொடுக்கு போல இரண்டு கூர்களாகப் பிளந்திருக்கும். டிப்ளோஃபில்லம் அல்பிகன்ஸின் இலை நடுவே வெளிறிய கோடு ஒன்று ஓடும். கேலிபோஜியாவின் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்தது போல இருக்கும்.

இங்கே ஓர் அழகான விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஈரல்பாசிகள் பலவற்றின் செல்களுக்குள் எண்ணெய்த் துணிக்கைகள் உண்டு. சாதாரணப் பாசிகளில் இவை கிடையாது. எத்தனை, என்ன வடிவம், என்ன நிறம் என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். கேலிபோஜியா அசூரியா என்ற இனத்தில் இவை நீல நிறம்! ஒரே செல் கனமுள்ள இலையில், ஒவ்வொரு செல்லிலும் நீல முத்துகள் தெரியும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் செடி காய்ந்துவிட்டால் இந்தத் துணிக்கைகள் சிதைந்து மறைந்துவிடும். செஃபலோசியாவில் எண்ணெய்த் துணிக்கைகளே இல்லை. அதுவும் ஓர் அடையாளம்தான். செடியை உயிரோடு பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். பூஞ்சைக்கும் இதே விதி பொருந்தும்.

முதல் சொட்டு, தண்ணீராக இருக்கட்டும்

பழைய பாடப் பழக்கம் ஒன்று உண்டு. மாதிரியைக் கண்ணாடி வில்லையில் வைத்தவுடன் ஏதாவது ஒரு சாயத்தையோ காரத்தையோ ஊற்றுவது. கிண்ணப் பூஞ்சை விஷயத்தில் தொடக்கக்காரர் செய்யும் மிகப் பெரிய பிழை அது என்பேன். சாயம் பட்ட அந்த நொடியில் செல்கள் செத்துவிடும்.

செத்தால் என்ன ஆகும்? உயிருள்ள வித்துப்பை, காற்றடைத்த சைக்கிள் டியூப் மாதிரி அழுத்தத்தோடு விறைத்து நிற்கும். எட்டு வித்துகளும் நுனியை நோக்கி முட்டிக்கொண்டிருக்கும். முதிர்ந்த பைகள் துணையிழைகளின் மட்டத்தைத் தாண்டி மேலே எட்டிப்பார்க்கும். செத்த பை காற்றிறங்கிய டியூப். நீளமும் அகலமும் கணிசமாகக் குறைந்துவிடும். வித்துகளுக்குள் இருந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணிக்கையே மாறிப்போகும். துணையிழைகளுக்குள் பளபளவென்று ஒளியை வளைக்கும் நீர்க்குமிழிகள் சில இனங்களில் உண்டு. அவை சுவடே இல்லாமல் மறைந்துவிடும். ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் ஹான்ஸ் ஓட்டோ பரல் 1992-இல் இதை மிக விரிவாக எடுத்துச்சொன்னார்: உயிருள்ள செல்லின் அளவையும் செத்த செல்லின் அளவையும் ஒப்பிடுவது இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுவது மாதிரி. அதனால் எந்த அளவைக் குறித்தாலும் அது உயிருள்ள செல்லில் எடுத்ததா இல்லையா என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும்.

செய்முறை எளிது. கிண்ணம் காய்ந்திருந்தால் செடியோடு சேர்த்து ஈரப்படுத்தி, மூடிய டப்பாவில் சில மணி நேரம் வைத்தால் விரிந்துகொள்ளும். பிறகு புது பிளேடால் கிண்ணத்தைச் செங்குத்தாக, தோசைபோல மெல்லிய சீவலாக வெட்ட முயலுங்கள். முதல் பத்துச் சீவல்கள் தடிமனாகத்தான் வரும், பரவாயில்லை. ஒன்றிரண்டாவது ஓரத்தில் மெலிந்திருக்கும், அந்த ஓரம் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே மூடுவில்லை. 100 மடங்கில் தொடங்கி 400-க்குப் போய், கடைசியில் எண்ணெய் லென்சில் 1000 மடங்கு.

இன்னொரு சீவலைத் தண்ணீரில் வைத்து மூடுவில்லை மேல் பென்சில் முனையால் மெல்லத் தட்டினால் பைகள் தனித்தனியாகப் பிரியும். சுவரைப் பார்க்க முதல் வகை, பைகளைப் பார்க்க இரண்டாம் வகை. இரண்டும் வேண்டும்.

மூடி இருக்கிறதா?

இனி முதல் பெரிய கேள்வி. வித்துப்பை எப்படித் திறக்கிறது?

ஒரு வகைப் பைகளின் நுனியில் மூடி இருக்கும். டப்பா மூடி போலத் திறந்துகொண்டு வித்துகளை வெளியே வீசும். வீசிய பிறகு அந்த மூடி ஒரு பக்கம் ஒட்டித் தொங்கிக்கொண்டிருப்பதைக் காலிப் பைகளில் பார்க்கலாம். மற்றொரு வகையில் மூடி கிடையாது. நுனிச் சுவர் தடித்து, நடுவே ஒரு சின்னத் துளை வழியாக வித்துகள் பீய்ச்சப்படும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்துக் கிண்ணப் பூஞ்சைகளையே இரண்டாகப் பிரிக்கலாம் என்று சொன்னவர் எமில் பூடியே. 1828-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர், தொழிலால் மருந்தாளுநர். 1885-இல் அவர் வெளியிட்ட வகைப்பாடு இந்த மூடியை அடிப்படையாகக் கொண்டது. ம்னியேசியா என்ற பேரினத்தைப் பெயரிட்டதும் அவரே. வெள்ளை நிறத்தில் இருக்கும் மற்றோர் இனமான ம்னியேசியா நிவியாவை முதலில் விவரித்த க்ருவான் சகோதரர்களும் பிரான்ஸின் பிரெஸ்ட் நகரத்து மருந்தாளுநர்கள். மருந்துக்கடையில் நுண்ணோக்கியும் இருந்தது, அயோடினும் இருந்தது. இந்தத் துறை அங்கே வளர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பூடியே பிரித்த இரண்டு கூட்டங்களும் உண்மையிலேயே வெவ்வேறு பரம்பரைகள் என்பது பிற்காலத்து மரபணு ஆய்வுகளிலும் பெரும்பாலும் உறுதியானது. மூடியுள்ளவை பெசிசேல்ஸ் வரிசை. ஆரஞ்சு ஆக்டோஸ்போராக்கள் எல்லாம் இதில் அடங்கும். ம்னியேசியாவும் பிரியோசிஃபஸும் மூடியில்லாத கூட்டம். ஆகவே நம் நீலப் பொட்டின் காலிப் பைகளில் தொங்கும் மூடி ஒன்று தெரிந்தால், அது ம்னியேசியா இல்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

காலிப் பை கிடைக்காவிட்டால்? கிண்ணத்தை ஓர் இரவு ஈரத்தில் வைத்து, அதற்கு மேலே சற்று உயரத்தில் ஒரு மூடுவில்லையைத் தாங்கவைத்துப் பாருங்கள். காலையில் வில்லையில் வித்துகள் ஒட்டியிருக்கும். தானாக வீசப்பட்டவை என்பதால் அவை முதிர்ந்த வித்துகள் என்பதில் சந்தேகமே இருக்காது. கிண்ணத்திலோ காலிப் பைகள் நிறைய இருக்கும். ஒரே வேலையில் இரண்டு பலன்.

அயோடின் சொட்டு

தண்ணீரில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து, வரைந்து, படமெடுத்து முடித்த பிறகுதான் அயோடின். மூடுவில்லையின் ஒரு விளிம்பில் ஒரு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் காகிதத் துண்டை வைத்து உறிஞ்சினால் அயோடின் உள்ளே ஓடிப் பரவும். இப்போது பையின் நுனியைப் பாருங்கள். சில இனங்களில் நுனி வளையம் மட்டும் நீலமாகும். சிலவற்றில் சிவப்பாகும். சிலவற்றில் எதுவுமே நடக்காது. மூன்றுமே தகவல்தான்.

எந்த அயோடின் என்பதில் கவனம் வேண்டும். இரண்டு கரைசல்கள் புழக்கத்தில் உண்டு. லூகால் கரைசல் என்பது அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் தண்ணீரும் மட்டும். செக் நாட்டுப் பூஞ்சையியலாளர் மெல்சர் 1924-இல் தந்த கரைசலில் இவற்றோடு குளோரல் ஹைட்ரேட்டும் சேரும். பல ஆண்டுகளாகப் பூஞ்சையியலாளர்கள் மெல்சரையே நம்பிவந்தார்கள். ஆனால் நுனி லூகாலில் சிவப்பாக மாறும் இனங்களில், மெல்சர் கரைசல் அந்த வினையையே மறைத்துவிடும். நிறம் மாறவில்லை என்று எழுதிவிடுவோம், உண்மையில் மாறக்கூடியது. அதே பையை முதலில் நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்துக் கழுவிவிட்டு அயோடின் விட்டால் அந்தச் சிவப்பு நீலமாகிவிடும். இதைத் தெளிவாக்கியவரும் பரல்தான், 1987-இல். அதனால் தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை லூகால்தான். முதலில் நேரடியாக ஒரு சீவலில், பிறகு காரத்தில் நனைத்த மற்றொரு சீவலில். கார வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது, அது தோலை அரிக்கும்.

அயோடின் இன்னொரு வேலையும் செய்யும். ஆக்டோஸ்போரா போன்றவற்றின் ஆரஞ்சு நிறம், கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த நிறமி நிறைந்த துணையிழைகள் அயோடினில் பச்சையாக மாறும். கண்ணெதிரே ஆரஞ்சு பச்சையாவதைப் பார்க்கலாம். ஆனால் ஆக்டோஸ்போராவின் பைகள் மட்டும் நீலமாகாது. மண்ணில் வளரும் பெசிசா இனங்களில் பையின் நுனி பளிச்சென்று நீலமாகும். ஈரல்பாசிக்கு நடுவே முளைத்த பழுப்புக் கிண்ணத்தின் பைகள் நீலமாகிவிட்டால், அது பாசியோடு உறவில்லாமல் மண்ணில் முளைத்த ஒரு பெசிசாவாக இருக்கலாம்.

வித்தை அளப்பது

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரோமீட்டர். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் தடிமன். 20 மைக்ரோமீட்டர் நீளமுள்ள வித்துகளை வரிசையாக அடுக்கினால் ஒரு முடியின் குறுக்கே மூன்றோ நான்கோதான் பிடிக்கும். இந்த அளவில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் வித்தியாசம்கூட இனத்தை மாற்றிவிடும்.

கண்ணருகு லென்சுக்குள் இருக்கும் அளவுகோலை, ஒரு மில்லிமீட்டரை நூறாகக் கீறிய வில்லையை வைத்து ஒவ்வொரு லென்சுக்கும் தனித்தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை செய்தால் போதும், ஆனால் செய்தே ஆக வேண்டும். பிறகு குறைந்தது இருபது முதிர்ந்த வித்துகளை அளந்து, நீளம், அகலம் இரண்டையும் எழுதுங்கள். மிகச் சிறியது, மிகப் பெரியது, பெரும்பான்மை எந்த வரம்பில் என்று மூன்றும் தெரிய வேண்டும். ஒரே ஒரு வித்தை அளந்துவிட்டு இனப்பெயர் சொல்வது, ஊரில் ஒருவரைப் பார்த்துவிட்டு ஊராரின் உயரத்தைச் சொல்வது போல.

அளவு மட்டும் போதாது. வித்து உருண்டையா, நீள்வட்டமா, இரு முனையும் கூரியதா? ஒரே அறையா, குறுக்குச் சுவர் உண்டா? குறுக்குச் சுவர் சில இனங்களில் வித்து வெளியே வந்து வயதான பிறகுதான் தோன்றும். உள்ளே எண்ணெய்த் துளிகள் எத்தனை, பெரியவையா பொடியா? வித்தின் தோல் வழவழப்பா, மேடுபள்ளமா? ம்னியேசியா ஜங்கர்மேனியேயின் வித்து நீள்வட்டம், ஒரே அறை, நிறமற்றது, வழவழப்பானது. லாம்ப்ரோஸ்போராவின் வித்தோ உருண்டை. அதன் மேல் வலை பின்னியது போன்ற மேடுகளோ புடைப்புகளோ இருக்கும். லாக்டிக் அமிலத்தில் கலந்த காட்டன் ப்ளூ சாயத்தை விட்டு லேசாகச் சூடாக்கினால் அந்த வேலைப்பாடு கருநீலத்தில் எழும்பித் தெரியும். இந்தச் சாயம் எப்போதும் கடைசி வரிசை. அதற்கு முன் தண்ணீரில் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

துணையிழைகளை நிறையப் பேர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. நுனி பருத்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, கிளைவிடுகிறதா, நிறமி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிண்ணத்தின் நிறத்துக்கு உண்மையான காரணம் எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பையின் அடிக்கும் ஒரு கேள்வி உண்டு. பை தொடங்கும் இடத்தில் இழை ஒரு கொக்கி போல வளைந்து மீண்டும் இணைகிறதா, அல்லது நேராகவே எழும்புகிறதா? மூடியில்லாத கூட்டத்தில், தோற்றத்தில் இரட்டையர் போன்ற இனங்களைச் சில சமயம் இந்தக் கொக்கி ஒன்றே பிரித்துக் காட்டும். காங்கோ ரெட் சாயம் செல்சுவர்களைச் சிவப்பாக்குவதால் இதைப் பார்க்க உதவும். முதல் சில நாட்களில் கொக்கி கண்ணில் படாது. அடியிலிருந்து பிரிந்த ஒற்றைப் பையைத் தேடிப் பிடிக்கப் பழக வேண்டும்.

சுவரைப் பொறுத்தவரை, செங்குத்துச் சீவலில் அதன் செல்கள் உருண்டையா, செங்கல் அடுக்கியது போலவா, நீள இழைகளா, இழைகளுக்கு நடுவே கூழ் போன்ற பொருள் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டால் போதும். விளிம்பில் முடிகள் இருந்தால் அவற்றையும்.

பூஞ்சையும் செடியும் தொடும் இடம்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிண்ணத்தைத் தாண்டி, செடியின் வேரிழைகளைத் தண்ணீரில் பரப்பிப் பாருங்கள். ஈரல்பாசியின் வேரிழை ஒவ்வொன்றும் ஒரே செல்லாலான கண்ணாடிக்குழாய். உள்ளே பூஞ்சை புகுந்திருந்தால் அப்படியே தெரியும். ஆக்டோஸ்போராக்கள் பாசியின் வேரிழை மேல் ஒட்டும் தனிச்செல்களை உருவாக்கி, அதிலிருந்து உள்ளே துளைத்துப் போகும். கிண்ணம் இல்லாத நாளிலும் இந்தத் தடயம் இருக்கும்.

ஈரல்பாசியில் இன்னும் வியப்பான கதை ஒன்று உண்டு. பல இலை வகைகளின் வேரிழை நுனிகள் குமிழ் போலப் பருத்து, உள்ளே பூஞ்சை இழைகள் நிறைந்திருக்கும். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி டக்கெட், டேவிட் ரீட் இருவரும் 1995-இல் சோதனைகள் மூலம் காட்டியது இது: ஹெதர் குடும்பப் புதர்களின் வேர்களில் கூட்டாளியாக வாழும் அதே பூஞ்சைதான் ஈரல்பாசிகளின் இந்தப் பருத்த வேரிழைகளிலும் வாழ்கிறது. இன்று அது ஹயலோசிஃபா ஹெப்பாட்டிசிகோலா என்ற பெயரில் அறியப்படுகிறது. ஹெப்பாட்டிசிகோலா என்றால் ஈரல்பாசியில் குடியிருப்பது. அதுவும் மூடியில்லாத கிண்ணப் பூஞ்சைக் கூட்டம்தான். ஆக, ஈரல்பாசி மேல் வாழும் பூஞ்சை எல்லாமே ஒட்டுண்ணி என்று நினைத்துவிடக் கூடாது. பிரியோசிஃபஸ் போன்றவை பெரும்பாலும் வாடும், மடியும் பகுதிகளில் தெரிகின்றன. ம்னியேசியா பச்சையாக இருக்கும் செடியின் மேல். கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் இலைகள் பச்சையா, வெளுத்தா, பழுத்தா என்பதை எடுத்த அன்றே எழுதிவைப்பது அதனால் முக்கியம்.

வெளித்தோற்றம் எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதற்கு ஆக்டோஸ்போரெல்லா நல்ல எடுத்துக்காட்டு. ஃப்ருல்லானியா போன்ற இலை வகைகளில் வாழும் இந்தப் பூஞ்சை அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. கிண்ணமாக விரியாமல், வாய் குறுகிய குடம் போலவே இருக்கும். குடவடிவப் பூஞ்சைகள் தனிப் பெரும் கூட்டம். பார்ப்பவர் யாரும் அதில்தான் சேர்ப்பார். ஆனால் இது ஆக்டோஸ்போராவின் உறவு, கிண்ணப் பூஞ்சைகளான பெசிசேல்ஸ் வரிசையைச் சேர்ந்தது. பாசிவாழ் பூஞ்சைகளுக்காகவே பல பத்தாண்டுகளைச் செலவிட்ட ஜெர்மனியின் பீட்டர் டாபிலர் இப்படி எத்தனையோ இனங்களை விவரித்தார். அவற்றில் பலவற்றை வெளியில் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, உலர்பதனக் கூடங்களில் இருக்கும் பழைய பாசி மாதிரிகளை ஈரப்படுத்திப் பார்த்தாலே கண்டுபிடிக்க முடியும். பாசி சேகரித்தவர்கள் அறியாமலே பூஞ்சையையும் சேர்த்துச் சேகரித்திருக்கிறார்கள்.

கடைசியாக, பார்த்து முடித்த மாதிரியை என்ன செய்வது? மிச்சமிருக்கும் கிண்ணங்களைச் செடியோடு சேர்த்துக் காற்றில் உலர்த்தி, மடித்த காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பூசணம் பிடிக்கும். உறையின் மேல் இடம், தேதி, செடியின் பெயர், எந்த மண், வெயிலா நிழலா என்று எழுதுங்கள். உள்ளே ஒரு சீட்டில் உயிரோடு பார்த்தபோது எடுத்த அளவுகள், பையின் நுனிப் படம், அயோடினில் நடந்தது, எந்த அயோடின் என்பது. மூன்று கிண்ணங்கள் கிடைத்தால் ஒன்றை வெட்டாமல் விட்டுவிடுங்கள். ஒரு கிண்ணம்தான் இருந்தால் பாதியை மட்டும் வெட்டுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் அந்த உறையைத் திறந்து ஈரப்படுத்தும்போது அந்த மீதிப் பாதி விரியும். சீட்டில் இருப்பதை அதில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்வார்.